மினமாட்டா விரிகுடாவின் சேறும் 25 என்ற எண்ணும்

நீரடி மண்ணுக்குத் தமிழில் பெயர்கள் பல. வண்டல் என்றால் அது வளத்தின் பெயர். பெருக்கு வடிந்தபின் ஆறு விட்டுச் செல்லும் வண்டலை நம்பியே காவிரிக் கழிமுகம் நெல் விளைத்தது. கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்ததை வண்டி கட்டி அள்ளிக்கொண்டு போய் வயலில் இட்ட வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. சேறு, களி, சகதி, உளை என்று பிற சொற்களும் உண்டு. அவற்றில் வெறுப்பு இல்லை, வழுக்கி விழும் அச்சம் மட்டுமே உண்டு. ஒரு சொல் மட்டும் விலகி நிற்கிறது. அளறு என்பதற்கு அகராதிகள் சேறு என்றும் நரகம் என்றும் இரு பொருள்கள் தருகின்றன. வள்ளுவர் அதை இரண்டாம் பொருளில் ஆண்டிருப்பதை நாம் அறிவோம்.

ஜப்பானியர்களிடமும் அளறுக்கு ஒப்பான ஒரு சொல் இருக்கிறது: ஹெதொரோ. நாறும் கருஞ்சேறு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1970 இல் ஷிஸுவோகா மாநிலத்தின் தகோனூரா துறைமுகம் காகித ஆலைகளின் கழிவுச் சேற்றால் தூர்ந்து, கப்பல்கள் நுழைய முடியாத நிலை வந்தபோது அந்தச் சொல் நாடெங்கும் நாளேடுகளில் அடிபட்டது. அடுத்த ஆண்டே காட்ஸில்லா திரைப்பட வரிசையில் ஹெதொரா என்ற பெயரில் ஒரு சேற்று அரக்கன் தோன்றினான். வெகுமக்கள் கலையைக் கேலி செய்வது எளிது. ஆயினும் ஒரு சமூகம் தன் துறைமுகத்தின் அடிமண்ணைக் கண்டு நடுங்கத் தொடங்கிய ஆண்டு எது என்று கேட்டால், அந்தப் படம் வெளிவந்த 1971 தவறான விடையாக இராது.

நாம் இங்கே பேச முனைவது அதே காலத்தைச் சேர்ந்த, ஆனால் வேறோர் இடத்துச் சேற்றைப் பற்றி. கியூஷு தீவின் மேற்குக் கரையில், ஷிரானுய் கடலை ஒட்டியுள்ள மினமாட்டா விரிகுடாவின் சேறு. மினமாட்டா நோயைப் பற்றி நம்மில் பலர் படித்திருப்போம். யூஜின் ஸ்மித்தின் ஒளிப்படங்களைக் கண்டிருப்போம். நோயாளிகளின் கதை பலமுறை சொல்லப்பட்டது, சொல்லப்பட வேண்டியதே. ஆனால் அந்நோயின் ஊற்றாக விரிகுடாவின் அடியில் கிடந்த மண் என்ன ஆயிற்று, அதில் எதை நஞ்சு என்றும் எதை நஞ்சல்ல என்றும் யார், எந்த அளவுகோலால் பிரித்தார்கள் என்ற கதை அவ்வளவாக அறியப்படாதது. நோயின் வரலாற்றில் வஞ்சகர்களும் வீரர்களும் உண்டு. சேற்றின் வரலாற்றில் இருப்பது ஓர் எண்.

சுருக்கமாக முன்கதை. சிஸ்ஸோ நிறுவனம் மினமாட்டா ஆலையில் 1932 முதல் 1968 மே வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. வினையூக்கியாகப் பாதரசச் சேர்மம் பயன்பட்டது. வினையின் ஒரு சிறு கிளையில் அதே பாதரசத்தின் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிற்று. கழிவுநீர் ஹியாக்கென் என்னும் வாய்க்கால் வழியே விரிகுடாவில் கலந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல கடலுக்குள் போன மொத்தப் பாதரசம் 70 முதல் 150 டன் வரை, அதற்கு மேலும் இருக்கலாம் என்பது பின்னாளைய அரசு மதிப்பீடு. மீனைத் தின்ற பூனைகள் வெறிகொண்டு சுழன்று விழுந்தன. மனிதர்களிடம் அந்நோய் இருப்பது 1956 மே 1 அன்று அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று.

விரிகுடாவின் மண்ணை முதன்முதலில் சான்றாக எடுத்துக்கொண்டவர்கள் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 1959 இல் அவர்கள் விரிகுடாவெங்கும் அடிமண் எடுத்துப் பாதரசத்தை அளந்தார்கள். ஹியாக்கென் வாய்க்கால் முகத்தில் கிடைத்த அளவு 2,010 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு ஈரச்சேற்றில் 2,010 பங்கு பாதரசம். ஒரு டன் சேற்றில் 2 கிலோ. சுரங்கம் வெட்டி எடுத்தால்கூடக் கட்டுப்படியாகும் செறிவு என்று அதைச் சொல்வதுண்டு. வாய்க்கால் முகத்திலிருந்து விலக விலக எண்கள் படிப்படியாகக் குறைந்தன. வரைபடத்தில் அந்த எண்களைக் குறித்துப் பார்ப்பவர் எவருக்கும் ஊற்று எது என்பது தெரிந்துவிடும். இருந்தும் ஆலை தொடர்ந்து ஓடியது. சான்று இருப்பதும் சான்று ஏற்கப்படுவதும் இருவேறு நிகழ்ச்சிகள். இரண்டுக்கும் இடையே இங்கே 9 ஆண்டுகள் கழிந்தன.

அதே 1959 இல் வேறொரு சோதனையும் நடந்தது. சிஸ்ஸோவின் சொந்த மருத்துவமனையில் பணியாற்றிய ஹொசோகாவா ஹஜிமே, ஆலையின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துவந்தார். பதிவேட்டில் அதன் எண் 400. ஜூலையில் தொடங்கிய சோதனை அக்டோபரில் முடிவைக் காட்டியது: பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்தன. நிறுவனம் இந்த முடிவை வெளியிடவில்லை. சோதனையைத் தொடரவும் முதலில் இசையவில்லை. 1970 இல், புற்றுநோயால் படுக்கையில் கிடந்தபடியே, ஹொசோகாவா இதை நீதிமன்றத்துக்குச் சாட்சியமாக அளித்தார். அவ்வாண்டே இறந்தார். இன்று உலகெங்கும் துறைமுகச் சேற்றை ஆராய்வோர் உயிர்ச்சோதனை என்று எதைக் குறிப்பிடுகிறார்களோ, 400 ஆம் எண் பூனை அதன் எளிய, கொடிய முன்வடிவம் என்றே நமக்குத் தோன்றுகிறது. பொருளில் எவ்வளவு நஞ்சு உள்ளது என்று அது கேட்கவில்லை; பொருள் உயிரை என்ன செய்கிறது என்று கேட்டது.

1968 மே மாதம் அசிட்டால்டிஹைடு உற்பத்தி நின்றது. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 26 அன்று, நோய்க்குக் காரணம் ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசமே என்று அரசு ஒப்புக்கொண்டது. அந்த வரிசை தற்செயலன்று என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நாமும் அப்படியே கருதுகிறோம். கழிவு நின்றாலும் சேறு எங்கும் போய்விடவில்லை. சில இடங்களில் அது பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருந்தது. இதற்கிடையே 1969 இல் சுவீடனைச் சேர்ந்த ஜென்சன், யெர்னெலோவ் இருவரும் ஒரு செய்தியை வெளியிட்டிருந்தார்கள்: நீரடி மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கனிமப் பாதரசத்தையே மெத்தில் பாதரசமாக மாற்றவல்லவை. ஆலையில் மட்டுமன்றிச் சேற்றுக்குள்ளும் நஞ்சு பிறக்கக்கூடும் என்பது இதன் பொருள். கிடந்த சேற்றை அப்படியே விட்டுவிடலாம் என்ற வாதம் அதன்பின் எளிதாக இருக்கவில்லை.

1973 ஜப்பானியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் ஒரு கொந்தளிப்பான ஆண்டு. மார்ச் 20 இல் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் சிஸ்ஸோவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மே மாதம், ஷிரானுய் கடலுக்கு வடக்கேயுள்ள அரியாகே கடலோரத்திலும் மினமாட்டா நோய் தோன்றியிருக்கலாம் என்ற செய்தி பரவியது. நாடெங்கும் மீன் விற்பனை சரிந்தது. அரசு ஜூலையில் மீனுக்கு ஒரு தற்காலிக வரம்பை வகுத்தது: மொத்தப் பாதரசம் 0.4 பிபிஎம், மெத்தில் பாதரசம் 0.3 பிபிஎம். மீனுக்கு வரம்பு வந்தபின் மண்ணுக்கு வராமல் முடியாது. அதே ஆண்டில் நீரடி மண்ணை அகற்றுவதற்கான தற்காலிக அளவுகோலும் வந்தது; 1975 அக்டோபரில் பிசிபி என்னும் நஞ்சையும் சேர்த்து அது மறுபடி வெளியிடப்பட்டது.

அந்த அளவுகோலைச் சற்று நின்று பார்ப்போம். இலக்கிய வாசகர்களுக்குச் சூத்திரம் உவப்பானதன்று என்பது தெரியும். ஆனால் இதில் ஒரு சமூகத்தின் மனநிலை அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

கடலில் ஓதம் ஏறி இறங்கும் சராசரி உயர வேறுபாட்டை மீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். சேற்றிலிருந்து பாதரசம் நீரில் கரையும் வீதத்தை ஆய்வகத்தில் சோதித்துக் கண்டு, அதனால் முன்னதை வகுக்க வேண்டும். வந்ததை 0.18 ஆல் பெருக்க வேண்டும். இறுதியாக ஒரு காப்பெண்ணால் வகுக்க வேண்டும். கிடைக்கும் விடையே வரம்பு, பிபிஎம் கணக்கில். அதற்கு மேற்பட்ட பாதரசம் உள்ள சேறு அகற்றப்பட வேண்டியது, கீழ்ப்பட்டது கிடக்கலாம். காப்பெண் மூன்று வகை. மீன்பிடிப்பே இல்லாத நீர்ப்பரப்புக்கு 10. மீன்பிடிப்பு உண்டு, ஆனால் பிடிபடுவதில் அடிமண்ணை ஒட்டி வாழ்வன பாதிக்கும் குறைவு என்றால் 50. பாதிக்கு மேல் என்றால் 100.

இதன் உள்ளே ஓடும் எண்ணம் இது: சேற்றிலிருந்து நஞ்சு கரைந்து நீருக்குள் வருகிறது, ஓதம் நாளுக்கு இருமுறை நீரை மாற்றி அதை நீர்க்கச் செய்கிறது, எனவே ஓதம் பெரிதாக இருக்கும் கடல் அழுக்கான சேற்றையும் தாங்கும். அடிமண்ணைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் மீன், மீனைத் தின்னும் மனிதன் என்ற சங்கிலி இந்தக் கணக்கில் நேரடியாக இல்லை. காப்பெண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அது மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மினமாட்டாவில் மனிதர்கள் நோயுற்றது நீரைக் குடித்ததால் அல்ல, மீனைத் தின்றதால்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், சங்கிலியை மடித்து வைத்த இடம் பொருத்தமானதா என்ற ஐயம் எழாமல் இராது. தவிரவும் அளக்கப்பட்டது மொத்தப் பாதரசம். அதில் மெத்தில் வடிவில் எவ்வளவு என்ற கேள்வி அளவுகோலுக்கு வெளியே நின்றது.

மினமாட்டா விரிகுடாவுக்குக் கிடைத்த விடை 25 பிபிஎம். ஒப்பிட ஒரு செய்தி: அமெரிக்காவில் எட்வர்ட் லாங்கும் உடனாய்வாளர்களும் பல நூறு ஆய்வுகளைத் தொகுத்து 1995 இல் வெளியிட்ட வழிகாட்டு எண்களின்படி, கடலடி மண்ணில் பாதரசம் 0.15 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் உயிர்களுக்குத் தீங்கு அரிது; 0.71 ஐத் தாண்டினால் தீங்கு அடிக்கடி காணப்படும். நேர்மையாகச் சொன்னால் இவ்விரு நாட்டு எண்களும் ஒரே கேள்விக்கு விடைகள் அல்ல. லாங்கின் எண்கள் ஐயப்பட வேண்டிய மண்ணைச் சலித்தெடுக்கும் சல்லடை. ஜப்பானின் எண் பெரும்பணம் செலவிட்டு மண்ணை அள்ளுவதா வேண்டாமா என்பதற்கான கோடு. ஆயினும் 0.71 க்கும் 25 க்கும் இடையிலான தொலைவு நம்மைச் சற்றே உறுத்துவதில் பிழையில்லை. கோட்டை ஒரு படி கீழே இழுத்தால் அள்ள வேண்டிய பரப்பு பல மடங்கு விரியும். அப்படி விரிந்தால் செலவு யாருடையது என்ற கேள்வி உடனே வரும்.

25 பிபிஎம் கோட்டை வரைபடத்தில் வரைந்தபோது உள்ளே விழுந்த பரப்பு ஏறத்தாழ 209 ஹெக்டேர்; சேற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 15 லட்சம் கனமீட்டர். இத்தனையையும் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? நஞ்சு கலந்த மண்ணை ஏற்க எந்த ஊரும் முன்வராது. தீட்டப்பட்ட திட்டம், ஒரு வகையில் பார்த்தால், எளிமையானது. விரிகுடாவின் உட்பகுதியில், நஞ்சு மிகக் கடுமையாகப் படிந்திருந்த 58 ஹெக்டேரைச் சுற்றி எஃகுத் தகடுகளால் வட்ட வட்டமாக அறைகள் அமைத்துச் சுவர் எழுப்புவது. மீதமுள்ள 151 ஹெக்டேரின் மேற்சேற்றை உறிஞ்சியெடுத்து அச்சுவருக்குள் கொட்டுவது. மேலே செயற்கை இழை விரிப்பு, அதன்மேல் எரிமலைச் சாம்பல் மண், அதன்மேல் மலைமண் என்று மூடி நிலமாக்குவது. சேற்றை அகற்றும் இடமும் புதைக்கும் இடமும் ஒரே விரிகுடா. அகற்றுதல், புதைத்தல், மறுபயன் மூன்றும் ஒரே வேலைக்குள் அடங்கின.

1977 அக்டோபரில் வேலை தொடங்கியது. டிசம்பரில் நின்றது. மினமாட்டாவிலும் சுற்றியுள்ள கடலோரங்களிலும் வாழ்ந்தவர்கள் தடை கோரி நீதிமன்றம் சென்றார்கள். அவர்களுடைய வாதத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அடியில் அமர்ந்து கிடக்கும் நஞ்சைக் கலக்கினால் அது மீண்டும் நீரில் எழும்பும். எழும்பியது ஷிரானுய் கடலெங்கும் பரவும். 1958 இல் சிஸ்ஸோ தன் கழிவு வாயை ஹியாக்கெனிலிருந்து மினமாட்டா ஆற்று முகத்துக்கு மாற்றியபோது என்ன நடந்தது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்: அதுவரை நோய் இல்லாத வடக்குக் கரைகளில் நோய் தோன்றியது. பாதுகாப்பானது என்று நிறுவனமும் அரசும் சொன்ன ஒவ்வொரு முறையும் ஏமாந்தவர்கள், இம்முறை எதை வைத்து நம்புவார்கள்? சேற்றின் நச்சுத்தன்மையை மதிப்பிடுவது வேதியியலாளர் வேலை என்று நினைக்கிறோம். அந்த மதிப்பீட்டை ஏற்பவர் ஒருவர் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நீதிமன்றம் 1980 ஏப்ரலில் வழக்கைத் தள்ளியது. ஜூனில் வேலை மீண்டும் தொடங்கியது. வழக்கு தோற்றாலும், அதன் அச்சம் வேலையின் முறையில் பதிந்திருப்பதாகவே நாம் கருதுகிறோம். மண்ணைக் கிளறும் வெட்டுத்தலை இல்லாத உறிஞ்சு கப்பல்கள் பயன்படுத்தப்பட்டன. பாதரச அளவை அறிய ஆய்வகத்தில் நேரம் ஆகும் என்பதால், நீரின் கலங்கலையே அன்றாடக் காவற்குறியாகக் கொண்டார்கள். கலங்கல் மிகுந்தால் வேலையை நிறுத்தலாம். மீன்களையும் மிதவை உயிரிகளையும் தொடர்ந்து சோதித்துவந்தார்கள். இவற்றையெல்லாம் மேற்பார்க்கத் தனிக் குழு இருந்தது. சேறு அள்ளும் வேலை 1987 இல் முடிந்தது. நிலம் 1990 மார்ச்சில் நிறைவுற்றது. மொத்தச் செலவு ஏறத்தாழ 4,850 கோடி யென். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானது சிஸ்ஸோவின் மேல் விழுந்தது; மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற 1970 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. நிறுவனத்திடம் பணம் இல்லை. குமமோட்டோ மாநிலம் கடன்பத்திரம் வெளியிட்டு நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தது. குற்றவாளி திவாலாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம், பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டுக்கும் சேர்த்து, பொதுப்பணத்தின்மேல் வந்து நின்றது.

இந்தப் பத்தாண்டுகளில் பசிபிக்கின் மறுகரையைத் தாண்டி, அட்லாண்டிக் ஓரத்தில், சேற்றை விசாரிக்கும் வேறொரு முறை உருவாகிக்கொண்டிருந்தது. சிறிது அங்கே சென்று வருவோம். அமெரிக்காவின் 1972 ஆம் ஆண்டுக் கடற்கொட்டல் சட்டத்தின் கீழ், துறைமுகச் சேற்றைக் கடலில் கொட்டலாமா என்று தீர்மானிக்க 1977 இல் ஒரு கையேடு வந்தது; 1991 இல் அது திருத்தி எழுதப்பட்டது. பச்சைப் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். அதன் அணுகுமுறை ஹொசோகாவாவின் பூனையினுடையது. எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பதோடு அது நிற்பதில்லை. சேற்றுக்குள் உயிர்களை விட்டுப் பார்க்கிறது. நியூயார்க் துறைமுகச் சேற்றுக்கு அம்பெலிஸ்கா என்னும், சில மில்லிமீட்டர் நீளமேயுள்ள, மண்ணில் குழாய்க்கூடு கட்டி வாழும் ஓட்டுயிரி. பத்து நாள் அதைச் சேற்றில் வளரவிடுவார்கள். தூய ஒப்பீட்டு மண்ணில் சாவதைவிட நூற்றுக்கு 20 க்கு மேல் கூடுதலாகச் செத்தால், அந்த வேறுபாடு புள்ளியியல்படியும் உறுதியானால், சேறு கடலுக்குத் தகாதது. இன்னொரு சோதனையில் நெரைஸ் புழுவையும் மக்கோமா சிப்பியையும் 28 நாள் சேற்றில் வாழவிட்டு, அவற்றின் சதையில் என்ன ஏறியிருக்கிறது என்று அளப்பார்கள். ஏனெனில் பாதரசமும் டயாக்ஸினும் போன்றவை பத்து நாளில் ஓட்டுயிரியைக் கொல்லாமலே உணவுச் சங்கிலியில் ஏறிவிடும்.

இந்தச் சிற்றுயிர்கள் நியூயார்க் துறைமுகத்தைத் திணறடித்தன. முன்பு தேறிய சேறு பல இடங்களில் அம்பெலிஸ்காவிடம் தோற்றது. நூவர்க் வளைகுடாவின் சேற்றில் டயாக்ஸின் இருந்தது. வியட்நாம் போரில் தெளித்த ஆரஞ்சு முகவர் களைக்கொல்லியின் மூலப்பொருள்களைச் செய்த ஓர் ஆலையின் எச்சம். 1997 செப்டம்பர் 1 அன்று நியூயார்க்குக்கு வெளியேயிருந்த பழைய கடற்கொட்டல் தளம் மூடப்பட்டது. சேறு தரைக்குத் திரும்பியது: சிமெண்டோடு கலந்து இறுக்கி, எலிசபெத் நகரில் பழைய குப்பைமேட்டின்மேல் 1999 இல் திறக்கப்பட்ட வணிக வளாகத்தின் அடியிலும், பென்சில்வேனியாவில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் குழிகளிலும். வாகனங்கள் நிறுத்தும் இடத்தின் அடியில் துறைமுகத்தின் அடிமண் இருப்பதை அங்கே பொருள் வாங்கச் செல்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியாது. அறிய வேண்டும் என்ற ஏக்கமும் அவர்களுக்கு இருந்திராது. அந்தச் சேற்றில் அவர்களுடைய உறவினர் எவரும் இல்லை.

மினமாட்டாவின் வேறுபாடு இங்கேதான். வேலை முடிந்தபின் 84 இடங்களில் அடிமண் எடுத்துச் சோதித்தார்கள். மிக உயர்ந்த அளவு 12 பிபிஎம். சராசரி 5 க்கும் கீழே. வகுத்த கோட்டின்படி முழு வெற்றி. 1974 சனவரியில், நஞ்சேறிய மீன் வெளியே போகாதிருக்கவென்று விரிகுடாவின் வாயில் ஒரு வலை கட்டப்பட்டிருந்தது. கப்பல் போக இடைவெளி விட்டாக வேண்டும் என்பதால் அந்த வேலியில் ஓர் ஓட்டை எப்போதும் இருந்தது. மீனுக்கு அது தெரியாதென்று நம்பினார்களா என்று நமக்கு வியப்புண்டு. வலைக்குள் பிடிபட்ட மீன்களை உருளைகளில் அடைத்து, புதிதாக எழும் நிலத்துக்குள் புதைத்தார்கள். மீனின் பாதரச அளவு மெல்ல இறங்கியது. சேறு அள்ளி முடித்தும் பல ஆண்டுகள் ஆயின. 1997 ஜூலை 29 அன்று மாநில ஆளுநர் விரிகுடா பாதுகாப்பானது என்று அறிவித்தார், வலை அகற்றப்பட்டது. 23 ஆண்டுகள்.

நிலத்தின்மேல் இப்போது பூங்கா இருக்கிறது. ரோஜாத் தோட்டம், மூங்கில் தோட்டம், விளையாட்டுத் திடல், கடலைப் பார்த்த நடைபாதை. சேற்று மறுபயனின் பாடநூல்களில் இடம்பெறத் தக்க காட்சி. ஆனால் அங்கே கல்லில் செதுக்கிய சிறு உருவங்களும் நிற்கின்றன. வழிப்போக்கரையும் இறந்த குழந்தைகளையும் காப்பதாக ஜப்பானியர் நம்பும் ஜிஸோவின் உருவங்களும் பிறவும். அவற்றை வைத்தவர்கள் 1994 இல் ஹொங்கான் நோ காய் என்ற பெயரில் கூடியவர்கள். நோயாளிகளும் மீனவர்களும் எழுத்தாளர் இஷிமுரே மிச்சிகோவும் அதில் இருந்தார்கள். இஷிமுரேயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1969 இல் வெளிவந்த அவருடைய குகாய் ஜோதோ நூல் மினமாட்டாவை இலக்கியமாக்கியது. இன்னொருவர் ஒகாதா மசாதோ. தந்தையை 1959 இல் இந்நோய்க்கு இழந்த மீனவர். நோயாளி என்ற அரசுச் சான்றிதழுக்கான தம் விண்ணப்பத்தை 1985 இல் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டவர். சிஸ்ஸோ என்பது நானாகவும் இருந்தேன் என்ற பொருள்படும் தலைப்பில் 2001 இல் நூல் வெளியிட்டவர். புதைக்கப்பட்டது வெறும் சேறன்று, அதில் எண்ணற்ற கடலுயிர்களும் அடங்கியிருக்கின்றன என்பது இவர்களுடைய நிலை. அரசு அளந்தது பாதரசத்தை. இவர்கள் எண்ணியது இறந்தவற்றை. 25 என்ற எண்ணில் இரண்டாவது கணக்குக்கு இடமில்லை. இடமளிக்கும் வேறோர் எண்ணை எவரும் கண்டறியவுமில்லை. 2004 ஆகஸ்டில் அந்த நிலத்தின்மேலேயே, திறந்த வானின் கீழ், இஷிமுரே எழுதிய ஷிரானுய் என்னும் நோ நாடகம் நிகழ்த்தப்பட்டது. 2018 இல் அவர் மறைந்தார்.

இரு இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது ஹச்சிமான். மினமாட்டா ஆற்று முகத்தருகே ஆலையின் கார்பைடு எச்சம் கொட்டப்பட்ட பழைய கழிவுக் குட்டைகள் அங்கே இருந்தன. 1958 இல் திருப்பிவிடப்பட்ட கழிவுநீர் போன வழியும் அதுவே. விரிகுடாவுக்கு வரையப்பட்ட 25 பிபிஎம் கோடும் 4,850 கோடி யென் வேலையும் விரிகுடாவுக்குள் நின்றுவிட்டன. கோட்டுக்கு வெளியே, கோட்டுக்குக் கீழே, ஷிரானுய் கடலின் அடியில் மெல்லிதாகப் பரவியுள்ள பாதரசம் இன்றும் ஆய்வாளர்களின் பொருள்.

இரண்டாவது அந்த எஃகுச் சுவர். கடல்நீரில் நிற்கும் எஃகு அரிக்கும். எத்தனை ஆண்டு என்பதே கேள்வி. மாநில அரசு அமைத்த வல்லுநர் குழு சுவரின் முதுமையை ஆராய்ந்து, தக்க பராமரிப்பு இருந்தால் இன்னும் சில பத்தாண்டுகள் தாங்கும் என்று 2015 இல் கருத்துரைத்தது. மறு ஆண்டு ஏப்ரலில் குமமோட்டோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. மினமாட்டா அதன் மையத்திலிருந்து தள்ளியிருந்தது. எனினும் 15 லட்சம் கனமீட்டர் சேற்றைத் தாங்கி நிற்கும் சுவர் என்ற நினைவு பலருக்கும் வந்தது. பாதரசம் சிதைந்து வேறொன்றாகும் பொருளன்று, அது தனிமம். சுவரின் தடிமனை அளந்து பார்க்கும் வேலை தொடர்கிறது. 1975 இல் தற்காலிகம் என்று வெளியிடப்பட்ட அளவுகோலின் தலைப்பில் தற்காலிகம் என்ற சொல் இன்னும் அப்படியே இருக்கிறது.